குதிரைத்திறன் கேட்டு இங்கே யார் அழுதார்கள்?

எந்த ஒர்க்ஷாப்புக்குள் என் பழைய பென்ஸை ஓட்டிச் சென்றாலும் முதல் கேள்வி இதுதான்: "பவர் கொஞ்சம் ஏற்றிவிடலாமா சார்?" பின்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது, அதைப் பாருங்கள் என்று சொல்லத்தான் போயிருப்பேன். அதைக் காதில் வாங்க ஆளில்லை. பானெட்டைத் திறந்த மறுநிமிடமே ஆரம்பித்துவிடுகிறார்கள். காற்று ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூம்பு ஃபில்டர் வைக்கலாமாம், சைலன்சரைத் திறந்துவிடலாமாம், ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டினால் கார் தரையோடு தரையாக நிற்குமாம். "முப்பது குதிரையாவது கூடும் சார், நான் கேரண்டி." எதைக் கொண்டு அளந்தாய் தம்பி என்று கேட்டால் பதில் கிடையாது. அளக்கிற கருவியை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

என்னுடையது டபிள்யூ124 வரிசை இ220. 1995இல் பூனாவில் டெல்கோ (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) ஆலையில் பென்ஸ் நிறுவனம் இந்தியாவுக்காகப் பூட்டத் தொடங்கிய முதல் கார் இதுதான். பெட்ரோலில் இ220, டீசலில் இ250. உலகம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வரிசை. இ220இன் எஞ்சின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு, 150 குதிரைத்திறன். இன்றைய கணக்குக்கு அது சொற்பம் என்பார்கள். எனக்கு அது போதும். நான் கேட்பதெல்லாம் அந்த 150இல் இன்று எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதுதான். முப்பது வருஷம் ஓடிய எஞ்சினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், எவ்வளவு, இன்ஜெக்டர்கள் பெட்ரோலைச் சரியாகத் தெளிக்கின்றனவா, வாக்யூம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா? இவற்றைப் பார்த்துச் சரிசெய்தாலே தொலைந்த குதிரைகளில் பாதி லாயத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அதில் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லையே! பளபளக்கும் குழாய் இல்லை, ஊரை எழுப்பும் சத்தம் இல்லை. அதனால் அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை.

அந்தக் கூம்பு ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஸ்காரன் வைத்த காற்றுக்குழாய் காரின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுத்து, மூடிய பெட்டிக்குள் அனுப்புகிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பானெட்டுக்கு உள்ளேயே திறந்த ஃபில்டரை நட்டுவைக்கிறார்கள். கோவை வெயிலில் வெளிக்காற்று 35 டிகிரி என்றால், போக்குவரத்தில் ஊர்ந்துவிட்டு வந்த எஞ்சின் அறைக்குள் 65 டிகிரி சாதாரணம். காற்று சூடாகச் சூடாக அடர்த்தி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த 30 டிகிரி வித்தியாசத்துக்கே அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறைகிறது. காற்று குறைந்தால் எரிபொருளும் குறைகிறது, சக்தியும் குறைகிறது. ஆக, பணம் கொடுத்து எஞ்சினைப் பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். உறிஞ்சுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "வண்டி பறக்கிறது" என்கிறார்கள். போதாததற்கு, எண்ணெய் பூசிய ஃபில்டராக இருந்தால் அந்த எண்ணெய் போய்க் காற்றளவு சென்சாரில் படியும். பிறகு ஐடிலிங் தடுமாறுகிறது என்று அதே ஒர்க்ஷாப்புக்கு ஓடி வருவார்கள். "சென்சார் போய்விட்டது சார்" என்று அதற்கும் ஒரு பில்.

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது ஒயரிங். 90களின் முதல் பாதியில் பென்ஸ் பயன்படுத்திய எஞ்சின் ஒயரிங்கின் உறை, சூட்டில் நாளாக ஆக நொறுங்கிவிடும். இந்தக் கார்களை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த குறை இது. நகத்தால் லேசாகத் தொட்டாலே தூள் தூளாக உதிரும்; உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டும். அடுத்தடுத்த கம்பிகள் உரசினால் எஞ்சின் கன்ட்ரோல் பெட்டியே போய்விடலாம். அண்மையில் ஒருவர் தன் காரைப் பெருமையாகத் திறந்து காட்டினார். அறுபதாயிரம் ரூபாய்க்கு எவர்சில்வர் சைலன்சர். அதற்குமேல் பார்த்தால் இன்ஜெக்டர்களுக்குப் போகும் ஒயர்களில் உறையே இல்லை. யாரோ கறுப்பு டேப்பைச் சுற்றிவைத்திருக்கிறார்கள், அந்த டேப்பும் சூட்டில் இளகி வழிகிறது. கூரை ஒழுகுகிற வீட்டுக்கு வாசலில் அலங்கார வளைவு கட்டுவார்களா? சொன்னேன். "அதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொன்னார் சார்" என்றார். பெட்ரோல் ஓடுகிற குழாய்க்குப் பக்கத்தில் உறையில்லாத கம்பி, அதை அடுத்த மாதம் பார்ப்பார்களாம்!

ஸ்பிரிங் வெட்டும் கதைக்கு வருகிறேன், இதில் எனக்குப் பொறுமையே கிடையாது. டபிள்யூ124இன் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கைகள், அதாவது உலோகத் தண்டுகள், பிடித்திருக்கின்றன. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது எந்தக் கை எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று வருஷக்கணக்கில் கணக்குப் போட்டுச் செய்த அமைப்பு அது. ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: விளிம்பில் சின்னச் சின்ன மொட்டுகள் இருக்கும். ஒரு மொட்டு என்றால் மெல்லியது, மொட்டு கூடக் கூடத் தடிமன் கூடும். காரின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் அந்த ரப்பரை மாற்றினால் போதும். அவ்வளவு நுணுக்கமாக வழி செய்து கொடுத்திருக்கிறான். நம் ஆள் என்ன செய்கிறார்? அந்த ரப்பரை ஏறெடுத்தும் பார்க்காமல் கட்டிங் மெஷினை எடுத்து, தீப்பொறி பறக்க இரண்டு சுற்றை அறுத்துவிடுகிறார். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய இடத்தில் சரியாக உட்காராது. சக்கரம் ஏறி இறங்க இடம் இருக்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் முட்டும். பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் நூல் தெரியத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல் இருக்கும். மழைநாளில் அது வெடித்தால் யார் பொறுப்பு?

இதே கார்களைப் பேட்டை ரவுடி மாதிரி ஆக்கினால்தான் வேகம் வரும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே டபிள்யூ124 உடலில் 5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து 326 குதிரைத்திறனில் 500இ என்று ஒரு காரைப் பென்ஸ் விற்றது. பூட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? போர்ஷே, ஸ்டுட்கார்ட்டின் சூஃபன்ஹவுசனில். அவர்களும் காரைத் தாழ்த்தினார்கள். 23 மில்லிமீட்டர், அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கோடு. பிரேக்குகளைப் பெரிதாக்கினார்கள், சக்கர இடைவெளியை அகலப்படுத்தினார்கள், எடைச் சமநிலைக்காக பேட்டரியைக்கூட டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். பென்ஸ் கார்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்த ஏஎம்ஜி நிறுவனத்தின் பெயர் முதலில் ஐரோப்பா முழுக்கப் பரவியது 1971இல்; 6.3 லிட்டர் எஞ்சினை 6.8 லிட்டராக்கி, ஸ்பா 24 மணிநேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாவதாக வந்த 300 எஸ்இஎல் காரால். பிஎம்டபிள்யூ பக்கம் பார்த்தால், ஆல்பினா என்ற வெளி நிறுவனம் செய்த கார்புரேட்டர் அமைப்பைப் போட்ட கார்களுக்கும் 1964இல் நிறுவனமே முழு வாரண்டி கொடுத்தது. அளந்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றுச் செய்த வேலைகள் இவை. அந்தப் பரம்பரையின் பெயரைச் சொல்லி இங்கே கட்டிங் மெஷினைத் தூக்குகிறார்கள்.

ஜெர்மனியில் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால்கூட அதற்குச் சோதனைச் சான்று வேண்டும், சோதனை அதிகாரியிடம் காட்டி அங்கீகாரம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஓட்டும் அனுமதியே பறிபோகலாம். இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்?

பிளக்கில் சொருகினால் பவர் கூடும் என்று விற்கிற சிப் பெட்டியைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அந்த வகைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே மினுக்கும் விளக்கைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. டிக்கியில் ஏஎம்ஜி எழுத்தை ஒட்டுவதும் அப்படியே.

"என் கார், என் பணம், உங்களுக்கென்ன?" என்கிறார்கள். நான் மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பெடல் மெத்தென்று கீழே போகும் காரில் முப்பது குதிரையைக் கூட்டி எங்கே போகப் போகிறீர்கள்? பெரிய மாடலின் பிரேக்கை முறையாகப் பொருத்துங்கள், நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள், புஷ்களை எல்லாம் மாற்றுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள். கார் வேறு காராக ஓடும். அதையும் மாற்றம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், நான் கைதட்டுகிறேன். எனக்கென்ன என்றால், இங்கே மிச்சமிருக்கும் டபிள்யூ124கள் கொஞ்சம்தான். ஒன்றைச் சிதைக்கும்போது அதன் காற்றுப் பெட்டி, அசல் ஸ்பிரிங், அசல் சைலன்சர் எல்லாம் சேர்ந்தே அழிகின்றன. நாளைக்கு எனக்கு ஒரு ஃபில்டர் பெட்டி மூடி உடைந்தால் நான் எங்கே போவேன்?

சென்ற வாரம் ஒரு விளம்பரம் பார்த்தேன். 1996 இ220, "ஸ்டேஜ் 2, முழுவதும் மாடிஃபை செய்தது." போன் செய்தேன். கார் வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களைக் கொடுத்தால் கேட்ட விலை தருகிறேன் என்றேன். "அதெல்லாம் அப்போதே எடைக்குப் போட்டுவிட்டோம் சார்" என்றார் அவர். கிலோ என்ன விலைக்குப் போனது என்பதுகூட அவருக்கு ஞாபகமில்லை.