நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"மாத்திரையை விடத்தானே ஆஸ்பத்திரிக்குப் போனான், அங்கேயும் மாத்திரையே கொடுத்தால் எப்படி?" வலி மாத்திரைக்கு அடிமையான ஒருவருக்கு, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையைக் கொடுத்துச் சிகிச்சை தொடங்கினால், நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் சித்தி மகனுக்கு பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ட்ரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு கூடிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. 2018 ஏப்ரலில் ட்ரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததும் மெடிக்கல்களில் கெடுபிடி அதிகமானது. அவன் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரைக்கு மாறினான். தமிழ்நாட்டில் 'போதை மாத்திரை பறிமுதல்' என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் இதுதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 100 பேரில் கிட்டத்தட்ட ஒருவர் இந்த வகை மருந்துகளை மருத்துவக் காரணம் இல்லாமல் பயன்படுத்துகிறார். ஏதோ ஒரு தெருவின் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

மாத்திரை கிடைக்காத நாளில் அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓயாத கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், மே மாத வெயிலில் போர்வைக்குள் சுருண்டு உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. எல்லாவற்றையும்விடக் கொடுமை கால் குடைச்சல். தரையில் படுத்துச் சுவரைக் குதிகாலால் உதைத்துக்கொண்டே இருந்தான். சித்தி ஒரு துண்டைக் கிழித்து முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிக் கட்டிவிட்டார். மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் அப்படி ஓர் இரவு அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிறகு தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தார்கள். பூட்டிய அறை, காலையில் பிரார்த்தனை, மாலையில் அறிவுரை. மருந்து என்ற பேச்சே இல்லை. வெளியே வந்த கொஞ்ச நாளில் பழைய மாத்திரைக்கே திரும்பினான். இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. வலி மாத்திரையே உள்ளே போகாத அந்த வாரங்களில், பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்துவிடும். ஆனால் தேட்டம், அதாவது மாத்திரை வேண்டும் என்ற ஏக்கம், அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிப்போகலாம். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில்தான் இறப்பு அபாயம் மிக அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "முழுசா விட்டுட்டான்" என்று வீடு நிம்மதியாகும் நேரம்தான் உண்மையில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தின் பெயரையே கேள்விப்பட்டோம். இதுவும் ஓபியாய்டுதான், அதாவது அபின் வகை மருந்துதான், அதை மறைக்க வேண்டியதில்லை. மூளையில் டேபென்டடாலும் ஹெராயினும் போய் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் அந்த இடத்தை அரைகுறையாகத்தான் தூண்டும். குடைச்சலும் தேட்டமும் அடங்க அது போதும். ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் கூட்டினாலும் விளைவு அதே வேகத்தில் ஏறாது, அதனால் மூச்சு நிற்கும் ஆபத்தும் மிகக் குறைவு. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்த்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அது விடாப்பிடியாக ஒட்டிக்கொள்வதால் மேலே இன்னொரு வலி மாத்திரை போட்டாலும் பெரிதாக ஏறாது. முதல் மாத்திரையைக் குடைச்சல் தொடங்கிய பிறகுதான் கொடுப்பார்கள். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் அதை ஒரேயடியாக விலக்கிவிட்டு அவஸ்தையை வரவழைத்துவிடும். வீட்டில் யாரும் சுயமாக முயற்சி செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். கசப்பு. எச்சில் ஊறும், விழுங்கக்கூடாது, பேசவும் கூடாது. பத்து நிமிடம் அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்புறம் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புவான். தள்ளாட்டமோ கிறக்கமோ எதுவும் இல்லை. அடுத்த வேளை மாத்திரைக்குக் காசு எங்கே புரட்டுவது என்ற ஒரே யோசனையில் கழிந்த நாட்கள் அவனுக்குத் திரும்பக் கிடைத்தன. ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லட்டும்.

மறுதரப்பின் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். இதே புப்ரெனார்ஃபினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் 90-களில் சென்னையிலேயே இருந்தார்கள். அதனால்தான் இப்போது, ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைச் சேர்த்த மாத்திரை வருகிறது. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்ஸோன் சும்மா இருக்கும், கரைத்து ஊசியில் ஏற்றினால் போதையைத் தடுத்துவிடும். மருந்தைத் தவறாகப் பயன்படுத்த ஆளிருக்கிறது என்பதற்காக அதை யாருக்குமே கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? பிரான்ஸ் 1990-களின் நடுவில் சாதாரணப் பொது மருத்துவர்களே இதை எழுதிக் கொடுக்க அனுமதித்தது. நான்கைந்து ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய போதை மரணங்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பஞ்சாப் 2017-இலிருந்து வெளிநோயாளி மையங்களிலேயே கொடுக்கிறது.

எவ்வளவு நாள் எடுக்க வேண்டும்? சிலருக்கு ஒரு வருடம், சிலருக்குப் பல வருடங்கள். அவசரப்பட்டு நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். நிறுத்துவதை மருத்துவரும் மருந்து எடுப்பவரும் பேசி, மெல்ல மெல்ல அளவைக் குறைத்துச் செய்ய வேண்டும். கல்யாண வீட்டில் "என்ன அக்கா, பையன் இன்னும் மாத்திரையில்தான் இருக்கானா?" என்று கேட்பவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. சித்தி இப்போது "ஆமாம், வேலைக்கும் போறான்" என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆளை அழிக்கும் மாத்திரை சீட்டே இல்லாமல் கள்ளத்தனமாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஆளை மீட்கும் மாத்திரை சாதாரண மெடிக்கலில் கிடைக்காது, அதற்கென்று உள்ள மையங்களுக்குத்தான் அலைய வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவன் அடிக்கடி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி எத்தனை நாள் வருவான்? மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்த மருத்துவரும் இருக்க வேண்டும். நிலைப்பட்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்காவது சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாத்திரையோடு பிடிபடும் பையன்களை ரிமாண்டுக்கு அனுப்பும் வேகத்தில் பாதியாவது சிகிச்சைக்கு அனுப்புவதில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். மனநல உதவிக்கு 14416. மையத்தில் சேர்க்கும் முன்பு, அங்கே மனநல மருத்துவர் இருக்கிறாரா, புப்ரெனார்ஃபின் கொடுப்பார்களா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.