"இனி கவனமாக இருக்கவும்"

மருந்து கொடுப்பதில் தவறு நடந்துவிட்டால் வார்டில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதன் கடைசியில் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். 16 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அந்தக் கட்டத்தில் நான் அதிகம் படித்த வாக்கியம் ஒன்றுதான்: 'இனி கவனமாக இருக்கும்படி செவிலியருக்கு அறிவுறுத்தப்பட்டது.' எனக்கும் ஒருமுறை அப்படி எழுதினார்கள். அந்த வாக்கியத்தின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நைட் டூட்டி முடியப்போகிற நேரம், காலை ஆறு மணி மருந்து. வார்டில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள், நடுவில் நான்கு கட்டில். ட்ரேயோடு போய் ஒருவரிடம் பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றார். பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். பெயர் சரிதான், ஆள்தான் வேறு. அன்று பகல் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை அவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரும் காது மந்தமானவரும் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். "உங்க பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று அவர் வாயிலிருந்து வரவைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கேஸ் ஷீட்டில் ஏன் ஓர் அடையாளம்கூட இல்லை என்றும் யாரும் கேட்கவில்லை. கவனமாக இரு என்றார்கள், அவ்வளவுதான். நான் என்ன, அன்று கவனக்குறைவாக இருப்போம் என்று முடிவெடுத்தா டூட்டிக்கு வந்தேன்?

படிக்கும்போது 'ஐந்து சரி'களை மனப்பாடம் செய்திருப்போம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பிறகு அது ஏழாகி, பத்துவரை வளர்ந்துவிட்டது. எல்லாம் நியாயம்தான். ஆனால் இவை போய்ச்சேர வேண்டிய ஊரைத்தான் சொல்கின்றன, எந்த பஸ்ஸில் ஏறுவது என்று சொல்வதில்லை.

10 யூனிட் இன்சுலின் என்று எழுத வந்த டாக்டர், யூனிட்டைச் சுருக்கி ஆங்கில 'யூ' எழுத்தை எண்ணோடு ஒட்டி எழுதுகிறார். அவசரக் கையெழுத்தில் அது பூஜ்ஜியமாகிவிடுகிறது. 10 இப்போது 100. 1 மில்லிகிராம் என்பதை 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகிவிடும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதாமல், முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல் .5 என்று விட்டால் 5 ஆகிவிடும். படிக்கும் நர்ஸ் எவ்வளவு கவனமாகப் படித்தாலும், தாளில் இருப்பதைத்தானே படிப்பாள்? யூனிட் என்று முழுதாக எழுது, முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்ஜியம் போடாதே, புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் போடு. இந்த மூன்று விதிகளுக்குக் காசு செலவே கிடையாது. இன்சுலினில் இன்னொரு வம்பும் உண்டு. மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் மருந்தை, 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் எடுத்தால், கோடு 10 என்று காட்டும். உள்ளே போவது 25.

பொட்டாசியம் குளோரைடு கதை இன்னும் தெளிவானது. அடர்த்தியான அந்த மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அது வரும் ஆம்பூல், அதாவது சின்ன மருந்துக் குப்பி, பார்க்க சலைன் மாதிரி, காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி இருக்கும். 1998இல் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் தன் முதல் எச்சரிக்கை மடலையே இதற்குத்தான் ஒதுக்கியது. 'லேபிளை நன்றாகப் படியுங்கள்' என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அடர்த்தியான ஆம்பூலை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள், மருந்தகத்தில் கலந்து அனுப்புங்கள் என்றார்கள். அலமாரியில் இல்லாததை யாரும் தவறி எடுக்க முடியாது.

அப்புறம் இந்தக் குறுக்கீடு. மருந்து ட்ராலியோடு நிற்கும் நர்ஸைப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு." போன் அடிக்கிறது. டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு ரிப்போர்ட் கேட்கிறார். "சிஸ்டர், பாத்ரூமில் தண்ணி வரல." இத்தனைக்கும் நடுவில் அவள் 0.3 மில்லி ஊசி மருந்தைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸ்களைக் கூடவே இருந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளியானது. பார்த்த 4271 முறைகளில் பாதிக்கும் மேல் குறுக்கீடு இருந்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து சார்ந்த தவறுகள் 12.7 சதவீதம் கூடின. 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய சிவப்பு மேலங்கியை நர்ஸுக்கு மாட்டிவிட்ட இடங்களும் உண்டு. எங்கள் வார்டிலும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். "என்ன சிஸ்டர் புது டிரஸ்?" என்று கேட்கவே நாலு பேர் கூடுதலாக வந்தார்கள். ட்ராலி நேரத்தில் போனை எடுக்கவும் கூப்பிட்ட கட்டிலுக்கு ஓடவும் தனியாக ஓர் ஆள் போட்டால் போதும். ஆள் என்றால் சம்பளம். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஹெப்பாரின் 5000, சரியா பாருங்க" என்று ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அந்த ஊசியை நீட்டினால், பார்ப்பவர் கண்ணுக்கும் 5000தான் தெரியும். விடையைச் சொல்லாமல், அவரை ஆர்டரிலிருந்தே தனியாகக் கணக்குப் போட வைத்தால்தான் அது சரிபார்ப்பு. எத்தனை முறை ஊசி போட்ட பிறகு கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்று நர்ஸ் தோழிகள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும். நானும்தான். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து ஒத்துப் பார்க்கும் பார்கோடு வந்தால் இதெல்லாம் தீரும் என்பார்கள். உண்மையிலேயே உதவுகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில், நேரம் தப்பியதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8க்கு இறங்கின. ஆனால் ஸ்கேனர் பாதி நேரம் வேலை செய்யாத வார்டில், நோயாளிகளின் பட்டையை நகலெடுத்து மேஜையில் ஒட்டிவைத்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

ரடோண்டா வாட் என்ற நர்ஸின் வழக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2017 டிசம்பர், அமெரிக்காவின் டென்னசி. ஸ்கேனுக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த வெர்செட் என்ற மருந்து தேவை. மருந்தின் பெயரைத் தட்டினால் எடுத்துக் கொடுக்கும் கணினி அலமாரியில் வாட் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அந்தப் பெயரில் மருந்து வரவில்லை. எச்சரிக்கையைத் தாண்டிப் போய் எடுத்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்துபோனார். வாட் தன் தவறைத் தானே சொல்லிவிட்டார். 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது, மூன்றாண்டு நன்னடத்தைக் காவல் விதித்தது.

அவர் மேல் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்துப் புட்டியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவம், இவர் எடுத்ததோ கரைக்க வேண்டிய பொடி. அங்கே கை நின்றிருக்க வேண்டும். ஆனால் அலமாரியின் எச்சரிக்கையைத் தாண்டுவது அந்த நாட்களில் அங்கே சர்வசாதாரணம் என்று வழக்கிலேயே பேசப்பட்டது. தினமும் பத்து முறை கத்தும் அலாரம் பதினோராவது முறை யார் காதில் விழும்? தீர்ப்பு வந்த வாரம் எங்கள் ஓய்வறையில் ஒரு ஜூனியர் பெண் கேட்டாள்: "அப்போ சொல்லாம விட்டிருந்தா தப்பிச்சிருப்பாங்களா அக்கா?" எனக்குப் பதில் வரவில்லை. சொன்னவளுக்குத் தண்டனை என்றால் அடுத்தவள் சொல்ல மாட்டாள். எந்த இரண்டு ஆம்பூல் ஒரே மாதிரி இருக்கிறது என்பது அடுத்த சாவுவரை யாருக்கும் தெரியாது.

1995இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, டாக்டர் எழுதும்போது நேரும் தவறுகளில் ஏறக்குறைய பாதியை மருந்தாளுநரோ நர்ஸோ பிடித்துவிடுகிறார்கள். நர்ஸ் கொடுக்கும்போது நேரும் தவறுகளில் பிடிபடுவது நூற்றுக்கு இரண்டுதான். எங்களுக்குப் பிறகு நோயாளியைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஒரு தாத்தா இருந்தார். "நேத்து வெள்ளையா இருந்துச்சே, இன்னைக்கு ஏன் மஞ்சள்?" என்று தினம் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். மூன்று முறை போய்ப் பார்த்தேன், மூன்று முறையும் கம்பெனிதான் மாறியிருந்தது. நான்காவது முறை அவர் கேட்டபோது, பக்கத்துக் கட்டிலின் மாத்திரை என் கையில் இருந்தது. அன்றும் படிவம் எழுதினேன். 'தவறைத் தடுத்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' கட்டத்தை மேலே இருப்பவர்கள் நிரப்பட்டும் என்று காலியாக விட்டேன்.

இரண்டு நாளில் நிரப்பித் திரும்பி வந்தது. அதே வாக்கியம்தான்.