சீன நாளிதழ் படிக்க 50,000 எழுத்து வேண்டுமா?

‘சீனர்கள் வளர்வதற்குள் 50,000 எழுத்துகளை மனப்பாடம் செய்கிறார்கள்’ என்று பரவும் தகவல் தவறு. அந்த எண், 1716இல் முடிந்த காங்சி என்ற சீன எழுத்து அகராதியின் 47,035 எழுத்துகளிலிருந்து கிளம்பியிருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை வழக்கொழிந்தவை, அரிய வடிவங்கள்.

பொதுப் பயன்பாட்டு எழுத்துகளுக்கான சீன அரசின் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் இருப்பதே 8,105 எழுத்துகள்தான். அதிலும் முதல் நிலையான 3,500 தெரிந்தால் நாளிதழ் பெரும்பாலும் தடையின்றி ஓடும். ஒன்பது ஆண்டுப் பள்ளிக் கல்வியின் இலக்கும் ஏறத்தாழ அதுவே.

எழுத்தும் சொல்லும் ஒன்றல்ல. ‘மின்’, ‘மூளை’ என்று பொருள்படும் இரு எழுத்துகள் சேர்ந்தால் ‘கணினி’. ஆகவே சில ஆயிரம் எழுத்துகளே பல்லாயிரம் சொற்களுக்குப் போதும்.

படிக்கத் தெரிந்ததையெல்லாம் கையால் எழுதவும் வராது. சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் தட்டி, திரையில் வரும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தே பழகியதால், ‘தும்மல்’ என்ற சொல்லைக் கையால் எழுத, படித்தவர்களே திணறுவதுண்டு.