அலைக்கு வெயிட்டிங் சார்ஜ்

(கிருஷ்ணகிரியில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோ. உள்சுவரில் பத்தடிக்கு எட்டடி திரை, அதில் வரைந்த கடல். இரண்டு தென்னை மரம், ஒரு கப்பல், பட்டப்பகலில் ஒரு நிலா. காதுகுத்து முதல் அறுபதாம் கல்யாணம் வரை ஊரில் பாதிப்பேர் அந்தக் கடலுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார்கள். சுருட்டிச் சுருட்டி வைத்ததில் திரை மடிந்து, கப்பல் இரண்டாக உடைந்துவிட்டது. புதுத் திரைக்காகப் பாண்டிச்சேரியில் எடுத்து வந்த கடல் படங்களோடு ஸ்டுடியோக்காரர் ஆறுமுகம் கம்ப்யூட்டரில் மூழ்கியிருக்கிறார். மினி லாரி ஓட்டும் மாதையன் துண்டுச்சீட்டோடு நுழைகிறார்.)

மாதையன்: அண்ணா, பாண்டிச்சேரி போயிட்டு வந்த கணக்கு.

ஆறுமுகம்: உக்காரு மாதையா. கணக்கு எங்க ஓடிப்போவுது? மொதல்ல கடலைப் பாரு.

மாதையன்: பாத்தாச்சுணா. வண்டிக்குள்ள உக்காந்து ரெண்டு நாளா அதைத்தான பாத்தேன். இது டீசல், இது பேட்டா, இது வெயிட்டிங்.

ஆறுமுகம்: வெயிட்டிங்கா? நீ ராயக்கோட்டை தக்காளி எறக்கப் போனவன்தானப்பா? நான் கூட தொத்திக்கிட்டு வந்தவன்.

மாதையன்: தக்காளி பெரிய மார்க்கெட்ல அரை மணி நேரத்துல எறங்கிடுச்சு. எறங்கின நீங்கதான் திரும்ப ஏறவே இல்ல.

ஆறுமுகம்: அலைன்னா நாம சொன்ன நேரத்துக்கு வருமா? நல்லது ஒண்ணு வர்ற வரைக்கும் நிக்கத்தான் வேணும்.

மாதையன்: கல்யாணத்துல, "மாப்ள, லைட் எரியல, இன்னொரு தடவை மாலையைப் போடுங்க"ன்னு அதட்டுவீங்களே. அதை அலைகிட்டயும் சொல்லிருக்கலாம்ல?

ஆறுமுகம்: சொன்னேன். மதிக்கல.

மாதையன்: அதுசரி, திரைக்குப் படம் வேணும்னா கடைல கிடைக்காதா? சுவிட்சர்லாந்துகூட ரெடிமேடா வருதாம்.

ஆறுமுகம்: கிடைக்கும். ஆனா இந்தத் திரையை வரைஞ்சாரே பெயிண்டர், அவரு கடலைப் பாத்ததே கிடையாது. கேஆர்பி அணையில ஷட்டர் தொறந்தப்ப போய்ப் பாத்துட்டு வந்து வரைஞ்சது. உத்துப் பாரு, அலை மேலேருந்து கீழ விழுவுது. எங்கப்பா காலத்துலருந்து ஜனங்க அணைத் தண்ணிக்கு முன்னால நின்னுக்கிட்டு கடல்னு நம்பியிருக்காங்க. இந்தத் தடவை நெஜக் கடலை மாட்டிடணும்னு ஒரு வைராக்கியம்.

மாதையன்: வைராக்கியம் இருக்கட்டும். அதை அமாவாசை, பௌர்ணமி இல்லாத நாளா பாத்து வச்சிருக்கலாம். ஐப்பசி பௌர்ணமியன்னைக்குத் திருவண்ணாமலை வழியா யாராவது தக்காளி ஏத்திக்கிட்டுப் போவாங்களா? கோயில்ல அன்னாபிஷேகம், ரோட்ல கிரிவலம். ஊத்தங்கரை, செங்கம் வரைக்கும் பறந்து வந்தேன். அங்க வந்ததும் ரெண்டு மணி நேரம் முதல் கியர். ஜனங்க மலையைச் சுத்துது, நான் ஜனங்களைச் சுத்தறேன்.

ஆறுமுகம்: பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான்பா கடல் நல்லா ஏறி எறங்கும். அதுக்காகத்தான் அந்த நாள்.

மாதையன்: எவ்ளோ ஏறும்?

ஆறுமுகம்: நம்ம சோழமண்டலக் கரையில ஒரு மீட்டர் சுமாருக்கு.

மாதையன்: இவ்ளோதானா? (இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டுகிறார்) இதுக்காகவா ரெண்டாயிரம் கிலோ தக்காளியைக் கிரிவலம் கூட்டிட்டுப் போனோம்?

ஆறுமுகம்: புண்ணியந்தான. இதைப் பாரு, மொத படம். காலைல ஆறேகால். அலையோட நெத்தி பச்சையா தெரியுதா?

மாதையன்: பாட்டில் கண்ணாடிப் பச்சை. கம்ப்யூட்டர்ல கலர் ஏத்தினீங்களா?

ஆறுமுகம்: ஒரு பொட்டுகூட ஏத்தல. நம்ம கரையில சூரியன் கடலுக்குள்ளருந்து வருது. அலை எழும்பி உடையப்போற நேரத்துல மேல் விளிம்பு மெலிசாயிடும். பின்னாலருந்து வர்ற வெளிச்சம் அதுக்குள்ள பூந்து வெளிய வருது. சூரியன் கொஞ்சம் ஏறிட்டா கதை முடிஞ்சுது. சாயங்காலம் நம்ம முதுகுப் பக்கம் வெயில், அப்ப அலையோட முகத்துல வெளிச்சம் விழும். ஆனா இந்தப் பச்சை கிடைக்காது.

மாதையன்: நுனியில பொகையாட்டம் பின்னால பறக்குதே, அது?

ஆறுமுகம்: அங்கதான் நிக்கணும் நீ! அது சாரல். அன்னைக்கு விடியக்காலம் காத்து கரையிலருந்து கடலுக்கு அடிச்சுது. அலை நம்ம பக்கம் வருது, காத்து எதுக்க நிக்குது. அதனால அலை அவசரப்பட்டு உடையாம நிமிந்து நின்னு உடையும், சாரல் பின்பக்கம் பறக்கும். இது ஆயிரத்துல ஒரு செகண்ட்ல எடுத்தது. ஒரு செகண்டை ஆயிரம் துண்டா நறுக்கி அதுல ஒண்ணு.

மாதையன்: அப்ப வெயிட்டிங் ரெண்டு நாளு, வேலை ஆயிரத்துல ஒரு செகண்டு. (சீட்டில் எதையோ குறிக்கிறார்)

ஆறுமுகம்: என்னப்பா எழுதற?

மாதையன்: ஒண்ணுமில்லணா. அடுத்த படம்?

ஆறுமுகம்: இது மறுநாள்.

மாதையன்: இது வேற ஊரா?

ஆறுமுகம்: அதே எடம். பாண்டிக்குத் தெக்கால மீனவங்க ஊரு வீராம்பட்டினம், அதே படகுக்குப் பக்கத்துல. ராத்திரியோட ராத்திரியா வாடைக்காத்து திரும்பிடுச்சு. கடலுக்கும் வானத்துக்கும் நடுவுல கோடே காணோம் பாரு. அலை வரிசையா வராம நாலு பக்கமும் இடிச்சுக்கிட்டு வருது. ஆடி ஆவணில மேக்கத்திக் காத்து, கச்சான்னு சொல்வாங்க. ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு. ரெண்டும் கைமாறுற நேரத்துலதான் ஒரே கரையில ரெண்டு கடல் கிடைக்கும். அதுக்குத்தான் ஐப்பசியில போனது.

மாதையன்: மொத நாள் அலை நெதானமா ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. நான் எண்ணிக்கிட்டே தூங்கிட்டேன். மறுநாள் எண்ண முடியல.

ஆறுமுகம்: கவனிச்சிருக்கியே! மொத நாளு வந்தது தூரத்து அலை. தெக்கே இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச காத்துக்குப் பொறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வருது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் பத்துப் பன்னெண்டு செகண்ட் எடவெளி இருக்கும். பக்கத்துலயே அடிக்கிற வாடைக்காத்துல பொறக்கற அலைக்கு அஞ்சாறு செகண்ட்தான்.

மாதையன்: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், ஒரு டோல்கேட் கெடையாது. குடுத்து வச்ச தண்ணி.

ஆறுமுகம்: தண்ணி வரலப்பா. தண்ணி அங்கங்க எடத்துலயே வட்டம் போடும். அசைவு மட்டுந்தான் இவ்ளோ தூரம் வருது.

மாதையன்: லோடு இல்லாம காலி வண்டி வந்துருக்கு. அதான் டோல் கேக்கல. சரி, நீங்க முழுசா நனைஞ்சு வந்தீங்களே, அது எந்த அலை?

ஆறுமுகம்: அது கணக்குல வராத அலை. ஐதராபாத்ல இன்காய்ஸ்னு ஒரு நிலையம் இருக்கு, மீனவருக்கு அலை உயரம் சொல்றாங்க. அவங்க சொல்ற உயரம் எல்லாத்துலயும் பெரிசு இல்ல. வர்ற அலைங்கள்ல உசந்த மூணுல ஒரு பங்கை எடுத்து, அதுக்கு மட்டும் சராசரி. அதைப்போல ரெண்டு மடங்கு உயரத்துல எப்பவாவது ஒண்ணு தனியா வரும்.

மாதையன்: அந்தத் தனியா வர்றதும் தனியா நிக்கறவரும் சந்திச்சுட்டீங்க.

ஆறுமுகம்: கேமராவைத் தலைக்கு மேல தூக்கிட்டேன்ல! ஸ்டாண்டோட காலு மணல்ல எறங்கிடுச்சு. ஒவ்வொரு அலையும் திரும்பறப்ப காலுக்கு அடியில மணலை அரிச்சுக்கிட்டுப் போவும். நல்லா அமுக்கி நட்டுட்டுதான் எடுக்கணும்.

மாதையன்: அந்த ஸ்டாண்டை எதுல கழுவினீங்கன்னு சொல்லுங்க.

ஆறுமுகம்: உப்பு ஏறினா துரு புடிச்சிரும் மாதையா. நல்ல தண்ணியில கழுவணும்.

மாதையன்: என் குடிதண்ணி கேன்ல கழுவினீங்க. திண்டிவனம் வரைக்கும் எனக்குத் தாகம், உங்க ஸ்டாண்டுக்கு இல்ல. (சீட்டில் எழுதுகிறார்) இது என்னாணா, ஒரே மூட்டமா?

ஆறுமுகம்: அது கலை. லென்ஸுக்கு முன்னால கறுப்புக் கண்ணாடி மாட்டி, எட்டு செகண்ட் ஷட்டரைத் தொறந்து வச்சேன். அலையெல்லாம் கரைஞ்சு பஞ்சாயிடும்.

மாதையன்: அலையைப் படம் புடிக்கப் போயி, அலையே இல்லாம படம் புடிச்சிருக்கீங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கறதும் கலையா?

ஆறுமுகம்: அது ஆவி. லாட்ஜ்ல ஏசி. அந்தச் சில்லுல இருந்த கேமராவை நேரா கடல் காத்துல நீட்டினா கண்ணாடியெல்லாம் வேர்த்துரும். பையோட வெளிய வச்சு அரை மணி ஆறவிட்டுத்தான் தொறக்கணும்.

மாதையன்: நான் வண்டியிலயே படுத்தேன். ஒரு ஆவியும் புடிக்கல, கொசுதான் புடிச்சுது. ஏண்ணா, டவுன்ல கடற்கரை சாலை இருக்கே, லைட்டெல்லாம் போட்டு. அதை வுட்டுட்டு எதுக்கு வீராம்பட்டினம்?

ஆறுமுகம்: அங்க முக்காவாசி பாறாங்கல்லு. மின்ன நல்ல மணல் இருந்த எடம்தான். 1989 வாக்குல தெக்கால துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள்ள கை நீட்டினாங்க. நம்ம கரையில மணல் வருசத்துல முக்கால்வாசி நாளு தெக்கேருந்து வடக்கே நகந்துக்கிட்டே இருக்கும். அது அந்தக் கல்லுல தட்டி, தெக்கே வீராம்பட்டினம் பக்கமே நின்னுடுச்சு. வடக்க இருக்கற டவுனுக்கு மணல் போய்ச் சேரல.

மாதையன்: செக்போஸ்ட்ல லோடு புடிச்சு வச்சுட்டாங்க. ரிட்டர்ன் லோடு கெடையாதா?

ஆறுமுகம்: இருக்கே! வாடை மாசத்துல வடக்கேருந்து தெக்கே கொஞ்சம் வரும். ஆனா போறது அதிகம், வர்றது கம்மி.

மாதையன்: எந்தத் தொழில்லயும் ரிட்டர்ன் லோடு அப்படித்தான்ணா. நான் பாண்டிலருந்து காலி பெட்டியும் உங்களையும்தான் ஏத்திட்டு வந்தேன்.

ஆறுமுகம்: 2018ல தலைமைச் செயலகத்துக்கு எதுக்க, கடலுக்குள்ள ஆப்பு வடிவத்துல பெரிய இரும்புத் திட்டு ஒண்ணை எறக்கினாங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கம் மணல் சேந்திருக்கு. ஆனா காலங்காத்தால அங்க செல்பி எடுக்கற கூட்டம். எந்த அலையைப் புடிச்சாலும் அதுல ஒருத்தர் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு.

மாதையன்: சரி, இத்தனைல திரைக்கு எது?

ஆறுமுகம்: மொத நாள் பச்சை அலை. ப்ளெக்ஸ் வேணாம், ப்ளாஷ் எதிரடிக்கும். துணியிலதான் அடிக்கணும். ஒரே சிக்கல், கடலும் வானமும் சேர்ற கோடு. நிக்கறவங்க கழுத்துல வந்துட்டா கழுத்தை அறுத்த மாதிரி தெரியும். அதை எறக்கி இடுப்புக்குக் கொண்டு வரணும்.

மாதையன்: பெரியவங்க இடுப்புக்கு வந்தா புள்ளைங்க கழுத்துக்கு வருமேணா.

ஆறுமுகம்: புள்ளைங்களை ஸ்டூல்ல ஏத்திடுவேன்.

மாதையன்: ஸ்டூலுக்குக் கீழ அலை. சரிதான். ஆமா, அங்க ஒரு பெரியவரு வலை பின்னிக்கிட்டே உங்களை ஒரு சத்தம் போட்டாரே, என்னாத்துக்கு?

ஆறுமுகம்: அதுவா... எல்லா எடத்துலயும் அலை உடையுது, நடுவுல ஒரு சந்து மட்டும் கறுப்பா, அமைதியா கிடந்துச்சு. நல்ல எடமாச்சேன்னு ஸ்டாண்டைத் தூக்கிட்டு எறங்கப் போனேன். கரையில வந்து குவிஞ்ச தண்ணியெல்லாம் அந்தச் சந்து வழியாத்தான் திரும்ப உள்ள ஓடுமாம். கால வச்சா இழுத்துக்கிட்டுப் போயிடும். "அடங்கிக் கெடக்குற எடத்துல எறங்காத, கடலுக்கு முதுகும் காட்டாத"ன்னு திட்டினாரு.

மாதையன்: (திரையைப் பார்க்கிறார், கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்) முதுகு காட்டக் கூடாதா?

ஆறுமுகம்: ஆமாப்பா. ஏன்?

மாதையன்: இந்தத் துணியை மாட்டினா குடும்பம் குடும்பமா கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டுத்தான நிக்கும்? அதுவும் புள்ளைங்க ஸ்டூல் மேல.

ஆறுமுகம்: ...

மாதையன்: பழசுல பிரச்சனை இல்ல. அது அணை. சரி, வெயிட்டிங்க்குப் பதிலா எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க. அந்த மறுநாள் கடல், நாலு பக்கமும் இடிச்சுக்கிட்டு வருதே, அதைப் பெரிசா பிரிண்ட் போட்டு என் வண்டியோட பின்கதவுல ஒட்டிடுங்க.

ஆறுமுகம்: அதை நானே வேணாம்னு தள்ளி வச்சிருக்கேன். உனக்கு எதுக்கு?

மாதையன்: இந்த ஹைவேயில பின்னாடி வர்றவன் ஒட்டிக்கிட்டே வர்றான்ணா. அந்த அலையைப் பாத்தா கொஞ்சம் தள்ளி வருவான்.

ஆறுமுகம்: அப்ப ஓட்டற நீ? ஊத்தங்கரைலருந்து பாண்டி வரைக்கும் கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டுத்தானே போவ?

மாதையன்: அறுபதுல போறேன்ணா. எந்த அலை புடிக்கும்?