டப்பாவுக்குள்ள தட்டான்

தம்பி: அக்கா, ஃப்ரிட்ஜ்ல அந்த டப்பாவைத் திறக்காதே!

அக்கா: திறந்தாச்சு. மல்லித் துவையல்னு நெனச்சேன். தட்டான் காலை மடக்கிட்டுக் கிடக்குது. என்னடா இது?

தம்பி: மேக்ரோ எடுக்கத்தான், ரொம்பக் கிட்டத்துலேர்ந்து பெருசா எடுக்கற படம். கொஞ்சம் குளிர்ந்தா ஆடாம நிக்கும். பயப்படாதே, மூடி டைட்டு. தோசை மாவுல எதுவும் படல.

அக்கா: நான் மாவைப் பத்திப் பேசல.

தம்பி: சரி, காய் வெக்கற கீழ்த்தட்டுக்கு மாத்திடறேன்.

அக்கா: காயைப் பத்தியும் பேசல! உசுரோட இருக்கறதை ஏன்டா வெறைக்க வைக்கற?

தம்பி: வெளிய கிட்டப் போனாலே பறந்துடுதே.

அக்கா: உச்சி வெயில்ல போனா பறக்காம என்ன பண்ணும்? உடம்பு சூடேறினாத்தான் அதால பறக்கவே முடியும். விடியறதுக்கு முன்னாடி குளத்தங்கரைக்குப் போ. கோரையைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கும், றெக்கை பூரா பனியோட.

தம்பி: பனிக்குத்தான் கிளிசரின் கலந்து ஸ்பிரே வெச்சிருக்கேனே.

அக்கா: பூச்சி மூச்சு விடறது உடம்போட பக்கவாட்டு ஓட்டை வழியா. அதுமேல கிளிசரினை அடிச்சுட்டு, கீழ "இயற்கையின் அற்புதம்"னு எழுதிடு.

தம்பி: எல்லாரும் பண்றாங்கக்கா. பரிசே வாங்கறாங்க.

அக்கா: வாங்கினது பறிபோயும் இருக்கு. 2018ல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு பரிசுப் படத்தையே தள்ளிடுச்சு. படத்துல இருந்த எறும்புத்தின்னி, செத்துப் பாடம் பண்ணி வெச்சதுதான்னு முடிவுக்கு வந்தாங்க.

தம்பி: என்னுது உசுரோடதானே இருக்கு? மாவுலயும் படல.

அக்கா: மாவை விட மாட்டியா நீ!

தம்பி: வெளியயும் எடுத்துப் பாத்தேன்க்கா. லென்ஸ் ஓட்டையை எஃப் 22னு நல்லாச் சுருக்கி வெச்சும் மங்கலாத்தான் வந்துச்சு.

அக்கா: 22 வெச்சதாலதான் மங்கல். பூச்சி நெஜ அளவுலயே கேமரா சென்சார்ல விழற ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அது கிட்டத்தட்ட 44 வெச்ச மாதிரி, இன்னும் சின்ன ஓட்டை ஆயிடும். ஓட்டையோட விளிம்புல ஒளி வளைஞ்சு பரவி, நுணுக்கமெல்லாம் கரைஞ்சிடும். 8ல வை. ஃபோகஸ் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கிடைக்கும். அதனால பக்கவாட்டுல நின்னு, சென்சார் உடம்புக்கு இணையா இருக்கற மாதிரி பிடி. ஃபோகஸ் கண்ணுல. ஃப்ளாஷ் போட்டா முன்னாடி ஒளியைப் பரப்பி மென்மையாக்கற டிஃப்யூசர் கட்டு, இல்லேன்னா கண்ணுல வெள்ளையா ஒரு பொட்டு எரியும்.

தம்பி: எதுக்கு இவ்ளோ? ஃபோகஸை மாத்தி மாத்தி இருபது படம் எடுத்து, சாஃப்ட்வேர்ல ஒண்ணாச் சேர்த்து ஸ்டாக் பண்ணிட்டாப் போச்சு. அதுக்குத்தான் ஆடாம இருக்கணும்கறேன்.

அக்கா: போன தடவை நீ ஸ்டாக் பண்ணின கும்பிடுபூச்சிக்கு நாலு மீசை.

தம்பி: அதுக்கு எவ்ளோ லைக் தெரியுமா?

அக்கா: லைக் போட்டவன் எண்ணிப் பாக்கல. நடுவுல மீசை அசைஞ்சிருக்கு, சாஃப்ட்வேர் ரெண்டு எடத்துலயும் வெச்சிடுச்சு. ரீடச்ல போய், ஒரே ஃப்ரேம்லேர்ந்து மீசையை எடுத்துப் பூசணும். ஆனா நீ கிளாரிட்டியை நூறுக்கு இழுக்கறதுலதான் மும்முரம். பூச்சி எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னுது.

தம்பி: சரி, விடியக்காலம்னா எத்தனை மணிக்கு?

அக்கா: அஞ்சுக்குக் கிளம்பணும். காத்தும் அப்பத்தான் அடங்கி இருக்கும்.

தம்பி: அஞ்சுக்கெல்லாம் என்னால எழுந்திருக்க முடியாதுக்கா.

அக்கா: அப்படிச் சொல்லு. நீ தூங்கறதுக்கு அது வெறைக்கணும்.

தம்பி: ஆறு?

அக்கா: நீ போய்ச் சேர்றதுக்குள்ள பனி காய ஆரம்பிச்சிடும்.

தம்பி: ஏழு?

அக்கா: வெயில் ஏறிடும். தட்டான் வேலைக்குக் கிளம்பிடும்.

தம்பி: ஏழரை?

அக்கா: அதுக்குப் பிடிச்ச ஏழரையே நீதான்டா!