அது ஸ்டிரைக் இல்லை
2022 டிசம்பரில் அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் முடங்கியதற்குப் பைலட்டுகளின் ஸ்டிரைக்தான் காரணம் என்று சொல்வது தவறு. அப்போது ஸ்டிரைக்கே நடக்கவில்லை. ஸ்டிரைக்குக்கு ஒப்புதல் கேட்டு பைலட்டுகளின் யூனியன் வாக்கெடுப்பு நடத்தியது 2023 மேயில்; அதுவும் ஒப்புதலோடு நின்றது. அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளர் சட்டம்தான் விமான ஊழியர்களுக்கும். சமரசம் பேசும் அரசு மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, பிறகு 30 நாள் கழியாமல் வேலையை நிறுத்த முடியாது.

நடந்தது இதுதான். பனிப்புயல் டென்வரையும் சிகாகோவையும் அடித்தது. மற்ற நிறுவனங்கள் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் விமானங்கள் ஊர் ஊராகத் தாவிப் போகிறவை. ஒன்று நின்றால் அடுத்தடுத்த ஊர்களிலும் ஆள் இருக்காது. எந்தப் பைலட் எங்கே இருக்கிறார் என்பதே பணி ஒதுக்கும் மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஊழியர்களே போன் போட்டு, மணிக்கணக்கில் லைனில் காத்திருந்து, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய நிலை. வேலைக்குத் தயாராக நின்றவர்கள் மேல் பழி போடுவது கொஞ்சம் அநியாயம்.

ரத்தான விமானங்கள் 16,000க்கும் மேல். 2023 டிசம்பரில் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது நிறுவனத்துக்கு, யூனியனுக்கு அல்ல.