பூவேலை இல்லாத நாற்காலிக்காக ஒரு பதிவு

புதுச்சேரியில் பழைய மரச்சாமான் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டிலும் அலமாரியும்தான். பூவேலை இருந்தால் கடைக்காரர் உள்ளே பத்திரமாக வைக்கிறார். 1950, 60களில் செய்த, அலங்காரமே இல்லாத தேக்கு நாற்காலி வாசலில் வெயிலில் காய்கிறது. வாங்க ஆள் வராவிட்டால் அறுத்து ஜன்னல் சட்டம் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும் அந்த எளிய வடிவத்துக்கு நம் ஊரில் பெரிய வரலாறே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். கட்டட வேலையை உடனிருந்து பார்க்க 1937ல் இங்கே வந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா. சுந்தரானந்தா என்று அவருக்குப் பெயர் கொடுத்தவர் ஸ்ரீ அரவிந்தர். அந்த அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் நாகஷிமாவே வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு உலகப் புகழ் பெற்றார். இன்று அவர் செய்த மேசைகள் ஏலத்தில் பல லட்சத்துக்குப் போகின்றன.

சண்டிகர் கதை தெரிந்திருக்கும். சண்டிகர் நகரைக் கட்டிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரான பியர் ஜென்னரேயும் அவர் குழுவும் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளை உடைசல் என்று சொற்ப விலைக்கு ஏலம் விட்டார்கள். அவை பாரிஸ் போய் விலை எகிறிய பிறகுதான், 2011ல், மத்திய உள்துறை விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. இப்போது போலிகளும் நிறைய. இருக்கைக்கு அடியில் பெயின்டில் எழுதிய அலுவலகப் பெயர், எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அதையும் புதிதாக எழுதிவிடுகிறார்கள். கவிழ்த்துப் போட்டு மூட்டுகளைப் பாருங்கள். கை படும் இடமும் படாத இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், வாங்கியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல வருடம் கை பட்டுப் பட்டு வந்த நிறம் அது. ஒரே மதியத்தில் போய்விடும், எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, மெழுகு பூசினால் போதும். அறுந்த பிரம்பைப் புதிதாகப் பின்னுவதில் தவறே இல்லை. அது மாற்றுவதற்கென்றே உள்ளது. கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துத் தேக்கைச் சுற்றிலும் கறுப்பாக்கும். அதை மட்டும் பித்தளைக்கு மாற்றுங்கள், கழற்றிய பழையதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

தாத்தா ஆபீஸிலிருந்து வந்த மேசை, மூடிய பள்ளிக்கூடத்து நாற்காலி என்று வீட்டில் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடுகிற முன் ஒரு படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.